ரீபூட்டில் டேட்டாபேஸுக்கு முன்னாடியே ஆப் எழுந்துவிடுகிறது, ஷட்டவுனில் ஒன்றரை நிமிடம் தொங்குகிறது: வரிசையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

சேலம்_சர்வர்:

வணக்கம். உபுண்டு 22.04, ஒரே சர்வர். போஸ்ட்கிரெஸ் 14, ரெடிஸ், ஒரு ஸ்பிரிங் பூட் ஆப், பின்னணி வேலைகளுக்கு ஒரு பைத்தான் வொர்க்கர், முன்னால் என்ஜின்எக்ஸ். வாடிக்கையாளரின் பில்லிங் முழுக்க இதில்தான் ஓடுகிறது.

கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தால் இரண்டு தொல்லை. மேலே வரும்போது ஆப் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சொல்லிவிட்டுச் செத்துவிடுகிறது. நான் உள்ளே போய்க் கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. வொர்க்கருக்கு ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டிருக்கிறேன், அதுவும் 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி' என்று படுத்துவிடுகிறது. கீழே இறங்கும்போது 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று கன்சோலில் 1 நிமிடம் 30 விநாடி ஓடுகிறது. அதற்குப் பிறகு பார்த்தால் சில வேலைகள் பாதியில் நிற்கின்றன.

ஆப்பின் யூனிட் ஃபைல் இதுதான், அதாவது சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டிக்கான குறிப்பு (பெயர்களை இங்கே தமிழெழுத்தில் எழுதுகிறேன், ஃபைலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்):

[யூனிட்]
ரிக்வயர்ஸ்=போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ்

[சர்வீஸ்]
டைப்=சிம்பிள்
எக்ஸெக்ஸ்டார்ட்பிரீ=/பின்/ஸ்லீப் 30
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/ஜாவா -ஜார் /ஓபிடி/பில்லிங்/ஆப்.ஜார்

அந்த ஸ்லீப் 30 இப்போதுதான் போட்டது. பெரும்பாலும் காப்பாற்றுகிறது, ஆனால் பார்க்கவே பிடிக்கவில்லை. டேட்டாபேஸின் டேட்டா '/டேட்டா' என்ற தனி டிஸ்க்கில் இருக்கிறது. சரியான வழி என்ன?

பைப்லைன்:

ஆஃப்டர்=போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ் எங்கே ப்ரோ? ரிக்வயர்ஸ் மட்டும் போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில்தான் கிளப்பும்.

சேலம்_சர்வர்:

ரிக்வயர்ஸ் என்றாலே 'அது வந்த பிறகு நான்' என்று ஆகாதா?

பழைய_யூனிக்ஸ்:

ஆகாது தம்பி. சிஸ்டம்டியில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிஸ்டம்டிக்கு முன்பிருந்த பழைய சிஸ்-ஃபைவ் இனிட் காலத்தில் வரிசைக்கு எண்தான். ரெட் ஹாட் மெஷினில் மைஎஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செக்கான்ஃபிக்: 2345 64 36' என்று ஒரு வரி இருக்கும். அப்பாச்சிக்கு 85, 15. 2345-ஐ விடுங்கள், அது எந்தெந்த ரன்லெவலில் (இயக்க நிலையில்) ஓட வேண்டும் என்பது. அதற்கடுத்த இரண்டில் முதல் எண் எழும்பும் வரிசை, இரண்டாவது நிற்கும் வரிசை. கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 100 வரும். 64-இல் மைஎஸ்க்யூஎல் எழும்பும், 85-இல் அப்பாச்சி. நிற்கும்போது 15-இல் அப்பாச்சி முதலில் இறங்கும், 36-இல் மைஎஸ்க்யூஎல் பிறகு. கடைசியாக வந்தவன் முதலில் போக வேண்டும் என்பதை அந்த இரண்டு இலக்க எண்ணே சொல்லிவிடும். யாரையும் கேட்காமல் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். ஒருவன் தூங்கினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதுவும் போக, 64-க்கும் 85-க்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருக எந்த எண் காலி என்று தேட வேண்டும்.

2006-இல் உபுண்டு இதற்கு மாற்றாக அப்ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தது. 2010-இல் லெனார்ட் போட்டரிங் சிஸ்டம்டியை அறிவித்தார். ஃபெடோரா 15-இல் 2011-இல் நுழைந்து, 2014-இல் ரெட் ஹாட் 7, 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 என்று எல்லா இடமும் பிடித்துக்கொண்டது. அது எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தது.

ஒன்று, 'நான் ஓட வேண்டுமென்றால் வேறு யாரெல்லாம் ஓட வேண்டும்?' இதற்குத்தான் ரிக்வயர்ஸ், வான்ட்ஸ் எல்லாம். இன்னொன்று, 'நாங்கள் இருவரும் ஓடுவதாக இருந்தால் யார் முதலில்?' இதற்கு ஆஃப்டர், பிஃபோர். முதலாவதைச் சொன்னால் இரண்டாவது தானாக வராது. இரண்டாவதைச் சொன்னால் முதலாவதும் வராது. ஆஃப்டர் மட்டும் போட்டுவிட்டு போஸ்ட்கிரெஸை டிசேபிள் செய்துவைத்தால் உங்கள் ஆப் பாட்டுக்கு எழும்பிவிடும், போஸ்ட்கிரெஸை யாரும் எழுப்பமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆஃப்டர் போட்டால் நிற்கும் வரிசை தானாகவே தலைகீழாகிவிடும். போஸ்ட்கிரெஸுக்குப் பிறகு எழும்புகிற ஆப், போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் நிறுத்தப்படும். முழுதாக நின்ற பிறகுதான் போஸ்ட்கிரெஸின் மேல் கை வைக்கும். அந்த 100 கணக்கை இப்போது சிஸ்டம்டியே போட்டுக்கொள்கிறது. உங்கள் ஒன்றரை நிமிடத் தொங்கலுக்கும் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வொர்க்கர் சிக்னல் வந்ததும் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

சேலம்_சர்வர்:

நன்றி ஐயா. வொர்க்கர் சிக்டெர்ம் (நிற்கச் சொல்லும் சிக்னல்) வந்தால் புது வேலை எடுக்காது. கையில் இருப்பதை முடித்து, டேட்டாபேஸில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டு வெளியே வரும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் போனால் மறுபடி மறுபடி முயற்சி செய்யும்படி எழுதியிருக்கிறார்கள்.

பழைய_யூனிக்ஸ்:

அப்படியென்றால் விஷயம் தெளிவு. உங்கள் யூனிட்டில் ஆஃப்டர் இல்லை. ஷட்டவுன் என்றதும் சிஸ்டம்டி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் 'கிளம்பு' என்று சொல்கிறது. உபுண்டுவின் போஸ்ட்கிரெஸ் 'ஃபாஸ்ட்' முறையில் நிற்கும். அதாவது ஒட்டியிருக்கிற கிளையன்ட்கள் எல்லாரையும் துண்டித்துவிட்டு ஓரிரு விநாடியில் போய்விடும். வொர்க்கர் பாவம், கையில் இருக்கிற வேலையை முடித்து எழுதப் பார்க்கிறது, எழுத டேட்டாபேஸ் இல்லை, மறுபடி முயற்சி, மறுபடி முயற்சி. டைம்அவுட்ஸ்டாப்செக், அதாவது நிற்பதற்குத் தரும் அவகாசம், இயல்பாக 90 விநாடி. அது தீர்ந்ததும் சிக்கில் என்ற சிக்னலை அடித்துச் சாகடிக்கும். வேலை பாதியில். நீங்கள் கன்சோலில் பார்க்கிற 1 நிமிடம் 30 விநாடி அதுதான்.

வொர்க்கரை நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வரிசை இல்லாததால் நல்ல குணமே வினையாகிவிட்டது.

ரூட்_ஷெல்:

ஆஃப்டர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உபுண்டு, டெபியனில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது டேட்டாபேஸே இல்லை! 'சிஸ்டம்சிடிஎல் கேட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' என்று அடித்துப் பாருங்கள். டைப்=ஒன்ஷாட், எக்ஸெக்ஸ்டார்ட்=/பின்/ட்ரூ, ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=ஆன். அவ்வளவுதான். ஸ்டேட்டஸ் பார்த்தால் 'ஆக்டிவ் (எக்ஸிட்டட்)' என்று பச்சையாகச் சிரிக்கும். உண்மையான டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின்.சர்வீஸ். ஒரே மெஷினில் பல வெர்ஷன், பல கிளஸ்டர் (தனித்தனி டேட்டாபேஸ் சர்வர்) ஓட்ட வசதியாக டெபியன்காரர்கள் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வரிசைக்கு இது பிரச்சினை இல்லை. கிளஸ்டர் யூனிட்டில் பிஃபோர்=போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ் என்று இருக்கிறது, எனவே மேல் யூனிட்டுக்கு ஆஃப்டர் போட்டாலும் கிளஸ்டருக்குப் பிறகுதான் வருவீர்கள். பிரச்சினை ரிக்வயர்ஸில். கிளஸ்டர் எழும்பாமல் விழுந்தாலும் மேல் யூனிட் பச்சையாகத்தான் இருக்கும். ட்ரூ எப்படித் தோற்கும்? அதனால் உங்கள் ரிக்வயர்ஸ் எதையும் காவல் காக்கவில்லை. பெயரை முழுதாக @14-மெயின் என்று கொடுங்கள்.

அந்தக் கிளஸ்டர் யூனிட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், நல்ல பாடம். எக்ஸெக்ஸ்டார்ட்டின் கமாண்டுக்கு முன்னால் ஒரு '-' குறி இருக்கும், தோற்றாலும் கண்டுகொள்ளாதே என்று பொருள், பக்கத்திலேயே 'ரிக்கவரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்ற பொருளில் ஒரு கமென்ட். கரன்ட் போய் மெஷின் விழுந்து எழுந்தால் போஸ்ட்கிரெஸ் வால் ஃபைல்களை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவுகளை) ஓட்டி மீள வேண்டும். அது நீண்டுபோனால் யூனிட் 'ஆக்டிவ்' என்றே காட்டும், ஆனால் உள்ளே டேட்டாபேஸ் இன்னும் கதவைத் திறந்திருக்காது.

பைப்லைன்:

இதனால்தான் நான் சொல்வது, வரிசை எல்லாம் வீண். ஆப் தானே ரீட்ரை செய்துகொள்ள வேண்டும். டேட்டாபேஸ் நடுராத்திரியில் ஒருமுறை விழுந்து எழுந்தால் எந்த ஆஃப்டரும் உதவாது. ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ரூட்_ஷெல்:

அவர் வொர்க்கருக்கு அதைத்தானே போட்டிருந்தார், படுத்துவிட்டதே. ரீஸ்டார்ட்செக் இயல்பாக 100 மில்லிவிநாடி. ஸ்டார்ட்லிமிட் இயல்பாக 10 விநாடிக்குள் 5 முறை. பைத்தான் வொர்க்கர் எழுந்ததும் கனெக்ட் ஆகாமல் உடனே விழும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும், அதன் பிறகு சிஸ்டம்டி திரும்பிப் பார்க்காது. ரீஸ்டார்ட்செக்=5 போட்டாலே 10 விநாடிக்குள் 5 முறை என்ற எல்லையைத் தொடாது. ஜாவா ஆப் என்றால் விழுவதற்கே பல விநாடி எடுத்துக்கொள்ளும், அதனால் தப்பித்துவிடும். சோம்பலுக்குக் கிடைத்த பரிசு.

பழைய_யூனிக்ஸ்:

பைப்லைன், எழும்புவதற்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ரீட்ரை இருந்தால் வரிசை இல்லாமலேயே சமாளிக்கலாம். இருவரும் எந்த நேரத்தில் வந்தாலும் கடைசியில் சேர்ந்துகொள்வார்கள். ஆனால் இறங்குவதற்கு? டேட்டாபேஸ் போய்விட்டது, இனி வரப்போவதில்லை, மெஷினே அணையப்போகிறது. அங்கே ரீட்ரை செய்து என்ன பயன்? அவருடைய வொர்க்கர் ரீட்ரை செய்ததால்தான் 90 விநாடி தொங்கியது. என்னைக் கேட்டால், சிஸ்டம்டியில் ஆஃப்டர் எழுதுவதே முக்கியமாக ஷட்டவுனுக்காகத்தான். பூட்டை மட்டும் சோதித்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று போய்விடுகிறார்கள். கீழே இறங்குவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

நெட்வொர்க்.டார்கெட்டும் (டார்கெட் என்பது பூட்டின் ஒரு கட்டத்துக்கான பெயர்) அப்படித்தான். பூட்டில் அதற்குப் பெரிதாக அர்த்தம் கிடையாது. 'நெட்வொர்க் நிர்வாகம் தொடங்கிவிட்டது' என்பதுதான், ஐபி வந்துவிட்டது என்று அல்ல. அதன் முழுப் பயன் ஷட்டவுனில். ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் போட்டால் நெட்வொர்க் இறங்குவதற்கு முன்பே உங்கள் சர்வீஸ் நின்றுவிடும். ரூட்_ஷெல் சொன்ன அதே கிளஸ்டர் யூனிட்டில் இந்த வரிக்கு மேலே 'ஷட்டவுனில் நெட்வொர்க் போகும் முன் சர்வரை நிறுத்து' என்ற பொருளில் கமென்ட்டே இருக்கிறது.

வேலூர்_லேன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் சர்வீஸ் ஒரு குறிப்பிட்ட ஐபியில் பைண்ட் ஆகும், அதாவது அந்த முகவரியில்தான் கேட்டு நிற்கும். ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் போட்டும் பூட்டில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' வருகிறது. இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. அப்போது நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் போட வேண்டுமா?

ரூட்_ஷெல்:

ஆமாம். வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் போடுங்கள். ஆஃப்டர் மட்டும் போட்டால் அந்த டார்கெட்டை யாரும் இழுத்துவராமல் போகலாம். ஆனால் கேபிள் கழன்றிருந்தால் அதற்காகக் காத்து நின்று பூட் முடிவதே தாமதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு வழி, நெட்.ஐபிவி4.ஐபி_நான்லோக்கல்_பைண்ட் என்ற கெர்னல் செட்டிங்கை (சிஸ்கன்ட்ரோல்) 1 ஆக்குவது. ஐபி இன்னும் வராவிட்டாலும் பைண்ட் ஆகிவிடும், காத்திருப்பே தேவையில்லை.

சேலம்_சர்வர்:

ஆஃப்டர்=போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின்.சர்வீஸ் இரண்டு யூனிட்டிலும் போட்டாயிற்று, ஸ்லீப்பைத் தூக்கிவிட்டேன். பூட் ஒழுங்காக வருகிறது. டிஸ்ட்ரோ கொடுத்த ஃபைலை மாற்றவில்லை, 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் ஓவர்ரைடு ஃபைல்தான். தனி டிஸ்க்கு விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? எஃப்எஸ்டேபில் (பூட்டில் மவுண்ட் செய்ய வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) நோஃபெயில் போட்டிருக்கிறேன், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பட்டும் என்று.

ரூட்_ஷெல்:

கேட்டதே நல்லது, இது பொல்லாத இடம். நோஃபெயில் போட்டால் அந்த மவுண்ட் முடிந்த பிறகுதான் லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட் (உள்ளூர் டிஸ்க்குகள் தயார் என்ற கட்டம்) வரும் என்ற உத்தரவாதம் போய்விடும். டிஸ்க் மெதுவாக வந்தாலும், வராமலே போனாலும் மற்றவர்கள் பாட்டுக்கு எழும்புவார்கள்.

போஸ்ட்கிரெஸ் விஷயத்தில் அபாயம் குறைவு, காலி ஃபோல்டரைப் பார்த்தால் எழும்ப மறுத்துவிடும். ஆனால் ஆப்பின் அப்லோட் ஃபோல்டரும் அதே '/டேட்டா'வில் இருந்தால்? மவுண்ட் ஆகாத காலி ஃபோல்டர் ரூட் டிஸ்க்கில் இருக்கிறது, ஆப் அதற்குள் சமர்த்தாக எழுதிக்கொண்டே போகும். அப்புறம் டிஸ்க் மவுண்ட் ஆனதும் எழுதியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறைந்துவிடும். வாடிக்கையாளர் 'ஃபைலைக் காணோம்' என்பார், டிஸ்க் அளவைக் காட்டும் டிஎஃப் பார்த்தால் ரூட் டிஸ்க் நிரம்பியிருக்கும், ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ போட்டால் கணக்கு வராது. மண்டை காயும்.

இதற்கு ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா என்று ஒரே வரி. அந்தப் பாதைக்கான மவுண்ட் யூனிட்டுக்கு ரிக்வயர்ஸ், ஆஃப்டர் இரண்டையும் அதுவே போட்டுக்கொள்ளும். ஷட்டவுனிலும் சர்வீஸ் நின்ற பிறகே அன்மவுண்ட் நடக்கும். ஆப், வொர்க்கர், @14-மெயின் மூன்றுக்கும் போடுங்கள். டெபியன் கொடுத்த கிளஸ்டர் யூனிட்டில் இந்த வரி ஏற்கெனவே உண்டு, ஆனால் அது /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பாதைக்கு. நீங்கள் டேட்டாவை வேறு இடத்துக்கு நகர்த்தியது அதற்குத் தெரியாது.

டப்பாக்காரன்:

எல்லாவற்றையும் டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) போட்டு டிபென்ட்ஸ்_ஆன் எழுதினால் இந்தத் தலைவலியே இல்லையே?

பைப்லைன்:

கம்போஸ் அப் அடிக்கும்போது சரி. கண்டிஷன்: சர்வீஸ்_ஹெல்தி போட்டு ஹெல்த்செக் வைத்தால் தயாரா என்றே பார்த்துவிட்டு எழுப்பும், அந்த வகையில் சிஸ்டம்டியின் வெறும் ஆஃப்டரைவிட நல்லது. ஆனால் மெஷின் ரீபூட் ஆனால் கம்போஸ் ஓடாதே! ரீஸ்டார்ட்: ஆல்வேஸ் இருப்பதால் டாக்கர் டெமன்தான் கன்டெய்னர்களைக் கிளப்புகிறது, அதற்கு டிபென்ட்ஸ்_ஆன் என்றால் என்னவென்றே தெரியாது. டெமன் நிற்கும்போதும் அதே கதை.

டப்பாக்காரன்:

அட. அப்படியென்றால் கம்போஸ் ஸ்டாக்கையே ஒரு சிஸ்டம்டி யூனிட்டாக்கிவிட வேண்டும்.

பைப்லைன்:

அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். டைப்=ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=எஸ், எக்ஸெக்ஸ்டார்ட்டில் கம்போஸ் அப் -டி, எக்ஸெக்ஸ்டாப்பில் கம்போஸ் ஸ்டாப், ரிக்வயர்ஸும் ஆஃப்டரும் டாக்கர்.சர்வீஸுக்கு. கன்டெய்னர்களில் ரீஸ்டார்ட் பாலிசியை ஆன்-ஃபெயிலியர் ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டெமனும் யூனிட்டும் இருவருமே கிளப்பப் பார்ப்பார்கள். டாக்கர் நிறுத்தும்போது இயல்பாக 10 விநாடிதான் கொடுக்கும் என்பதையும் கவனியுங்கள். ஸ்டாப்_கிரேஸ்_பீரியடைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கன்டெய்னருக்குள் ஸ்டார்ட்.எஸ்ஹெச் போன்ற ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக ஜாவாவை ஓட்டினால், கடைசி வரியில் எக்ஸெக் போடுங்கள். டாக்கர் சிக்னலை பிஐடி 1-க்கு, அதாவது கன்டெய்னரின் முதல் புராசஸுக்கு, மட்டும்தான் அனுப்பும். எக்ஸெக் இல்லாவிட்டால் ஷெல் அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும், ஜாவாவுக்குச் செய்தியே போகாது. சிஸ்டம்டியில் இந்தத் தொல்லை இல்லை, கில்மோட் இயல்பாக கன்ட்ரோல்-குரூப், குடும்பத்தில் எல்லாருக்கும் சிக்டெர்ம் போகும்.

ஜன்னல்_சர்வர்:

விண்டோஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்வீஸின் டிபென்டென்சி டேபில் எழுதுவது எழும்பும்போது மதிக்கப்படும். சிஸ்டம் ஷட்டவுனில் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் அதைக் கண்டுகொள்ளாது. இறங்கும் வரிசை முக்கியமென்றால் சர்வீஸே ப்ரீஷட்டவுன் அறிவிப்புக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். அது உங்கள் கோடு இல்லை என்றால், ரீபூட்டுக்கு முன் சர்வீஸ்களை வரிசையாக நிறுத்தும் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதுதான் நடைமுறை.

சேலம்_சர்வர்:

டாக்கர் இப்போதைக்கு வேண்டாம், இருப்பதே போதும் :)

ஒரு சந்தேகம். வரிசை சரிதானா என்று பூட்டில் 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' (எழும்பிய வரிசையைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஷட்டவுனை எப்படிச் சரிபார்ப்பது? அணைந்த பிறகு பார்க்க எதுவும் இல்லையே.

பழைய_யூனிக்ஸ்:

ஜர்னல் (சிஸ்டம்டியின் பதிவேடு) இருக்கிறதே. மறுபடி எழுந்ததும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ' அடியுங்கள், போன பூட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய் நிற்கும். ஒவ்வொருவருக்கும் 'ஸ்டாப்பிங்' என்று ஒரு வரி, 'ஸ்டாப்டு' என்று ஒரு வரி. போஸ்ட்கிரெஸின் 'ஸ்டாப்பிங்' வரி, ஆப், வொர்க்கர் இருவரின் 'ஸ்டாப்டு' வரிக்குப் பிறகு வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டிபென்டென்சீஸ் --ஆஃப்டர்' போட்டு முன்கூட்டியே பார்க்கலாம், ஆனால் நடந்ததைப் பார்ப்பதுதான் நம்பகமானது.

கோவை_நோட்:

இழையைப் பார்த்துவிட்டு நானும் ஆர்வத்தில் என் சர்வர்களில் ஆஃப்டர் போட ஆரம்பித்தேன். ஒரு மெஷினில் பூட் முடிந்ததும் ரெடிஸ் மட்டும் எழும்பவே இல்லை. எர்ரரும் இல்லை, ஃபெயில்டும் இல்லை, சும்மா 'இன்ஆக்டிவ்'.

ரூட்_ஷெல்:

ஜர்னலில் 'ஆர்டரிங் சைக்கிள்' என்று தேடுங்கள். அ-வுக்குப் பிறகு ஆ, ஆ-வுக்குப் பிறகு இ, இ-க்குப் பிறகு அ என்று எங்கோ வளையம் விழுந்திருக்கும். சிஸ்டம்டி பூட்டை நிறுத்தாது. வளையத்தில் இருக்கிற ஒருவரின் ஜாபைத் தூக்கிவிட்டு மேலே போகும், யாரைத் தூக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' யூனிட் ஃபைலைக் கொடுத்தால் ரீபூட்டுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். அதோடு, ஓவர்ரைடு ஃபைலில் ஆஃப்டரைக் கூட்டத்தான் முடியும், காலியாக 'ஆஃப்டர்=' என்று எழுதி முன்னால் இருப்பதை அழிக்க முடியாது. டிஸ்ட்ரோ கொடுத்ததில் ஒன்றை நீக்க வேண்டுமென்றால் முழு யூனிட்டையும் ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கீழே காப்பி எடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

கோவை_நோட்:

பிடித்துவிட்டேன். ஆப்புக்கு ஆஃப்டர்=ரெடிஸ் போட்டதோடு, முன்னால் இருந்த ஆள் ரெடிஸ் யூனிட்டில் ஆஃப்டர்=ஆப் என்று எதற்கோ போட்டு வைத்திருக்கிறார். நன்றி.

சேலம்_சர்வர்:

நேற்றிரவு மெயின்டனன்ஸ் நேரத்தில் ரீபூட் செய்தேன். போன பூட்டின் கடைசிப் பக்கம், தேவையான வரிகள் மட்டும்:

22:14:03 ஸ்டாப்பிங் பில்லிங் ஆப்
22:14:03 ஸ்டாப்பிங் பில்லிங் வொர்க்கர்
22:14:05 ஸ்டாப்டு பில்லிங் ஆப்
22:14:11 ஸ்டாப்டு பில்லிங் வொர்க்கர்
22:14:11 ஸ்டாப்பிங் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கிளஸ்டர் 14-மெயின்
22:14:12 ஸ்டாப்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கிளஸ்டர் 14-மெயின்
22:14:12 அன்மவுண்டிங் /டேட்டா

தொங்கல் போய்விட்டது. வொர்க்கர் எட்டு விநாடி எடுத்துக்கொண்டு தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது, பாதியில் எதுவும் இல்லை. ஒரே ஒரு உறுத்தல்: ஆப் 'ஃபெயில்டு, ஸ்டேட்டஸ் 143' என்று பதிவாகிறது.

பைப்லைன்:

ஜாவா சிக்டெர்மில் நின்றால் 143-தான் கொடுக்கும், 128-உடன் சிக்டெர்மின் 15. சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143 போடுங்கள். ஸ்பிரிங் பூட் 2.3 அல்லது அதற்கு மேல் என்றால் சர்வர்.ஷட்டவுன்=கிரேஸ்ஃபுல் என்பதையும் வையுங்கள், நடந்துகொண்டிருக்கிற ரிக்வெஸ்ட்களை முடித்துவிட்டு இறங்கும். இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்கும், உங்கள் 90-க்குள் அடங்கிவிடும்.

சேலம்_சர்வர்:

கடைசிக் கேள்வி. ரிக்வயர்ஸை இப்போது @14-மெயினுக்கு மாற்றிவிட்டேன். இன்று டேட்டாபேஸில் ஒரு செட்டிங் மாற்றி, அதை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் கொடுத்தேன். டேட்டாபேஸ் வந்தது, ஆப் வரவில்லை.

பழைய_யூனிக்ஸ்:

அது ரிக்வயர்ஸின் இன்னொரு முகம். நீங்களாக டேட்டாபேஸை நிறுத்தினால் அதைச் சார்ந்தவரையும் நிறுத்தும். பிறகு ஸ்டார்ட் கொடுக்கும்போது டேட்டாபேஸை மட்டும்தானே எழுப்பச் சொன்னீர்கள்? ரீஸ்டார்ட் என்று ஒரே கமாண்டாகக் கொடுத்திருந்தால் ஆப்பும் கூடவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். இரண்டு கமாண்டாகப் பிரித்தால் ஆப் கீழேயே கிடக்கும். இதையே ஏதாவது பேக்கேஜ் அப்டேட் ராத்திரியில் செய்தால் காலையில் போன் வரும்.

தானாக விழுந்தால் கதை வேறு. போஸ்ட்கிரெஸ் கிராஷ் ஆனால் ரிக்வயர்ஸ் ஆப்பை நிறுத்தாது. அதற்கு பைண்ட்ஸ்டூ என்று தனியாக இருக்கிறது, உங்களுக்கு அது தேவையில்லை.

சேலம்_சர்வர்:

அப்போது வான்ட்ஸா?

பழைய_யூனிக்ஸ்:

வான்ட்ஸும் ஆஃப்டரும். வரிசை அப்படியே இருக்கும், ஷட்டவுனும் நேற்று பார்த்தது போலவே நடக்கும். வான்ட்ஸ் என்றால் டேட்டாபேஸ் எழும்பாவிட்டாலும் ஆப் எழும்பும், எனவே அதற்கு ஒரு காவல் வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்பிரீயில், டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்கும் பிஜி_இஸ்ரெடி 0 கொடுக்கும்வரை விநாடிக்கு ஒருமுறை கேட்கிற ஒரு சின்ன ஷெல் லூப் போடுங்கள். ரிக்கவரி ஓடும்போது 1 கொடுக்கும், ஆளே இல்லையென்றால் 2. ஸ்லீப் 30 போலக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்காது, தயாரானதும் உடனே விட்டுவிடும். டைம்அவுட்ஸ்டார்ட்செக் அந்த லூப்புக்கும் சேர்த்துத்தான், 90 விநாடி போதாது என்று தோன்றினால் 300 ஆக்குங்கள். அதோடு ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக்=5. வொர்க்கருக்கும் இதே.

சேலம்_சர்வர்:

போட்டுவிட்டேன். டெமன்-ரீலோட் செய்து (யூனிட் ஃபைல்களை மறுபடி படிக்க வைத்து), டேட்டாபேஸை ஸ்டாப், ஸ்டார்ட் என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். ஆப் கீழே போகவில்லை, கனெக்‌ஷன் பூல் தானே மறுபடி ஒட்டிக்கொண்டது. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன். வேலூர்_லேன், உங்கள் ஐபி விஷயம் என்ன ஆனது?

வேலூர்_லேன்:

நான்லோக்கல்_பைண்ட் போட்டேன், ஓடுகிறது. நெட்வொர்க்-ஆன்லைனைத் தூக்கிவிட்டேன். ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்டை மட்டும் ஷட்டவுனுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.